பின்வரிசையை மறுபடி எடை போடுங்கள்: எங்கள் ஊர் அணியின் பொது மேலாளருக்கும் தலைமைப் பயிற்சியாளருக்கும் ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரிய பொது மேலாளர் அவர்களுக்கும் தலைமைப் பயிற்சியாளர் அவர்களுக்கும்,

அமெரிக்கக் கால்பந்தின் NFL லீக் விதித்த செவ்வாய்க்கிழமை மாலை 4 மணிக் கெடுவுக்குள் 90 பேர் பட்டியலை 53 ஆகக் குறைத்தீர்கள். அதில் எதிரணி எறியும் பந்தைத் தடுக்கும் பின்வரிசைத் தடுப்பாளர்கள் பத்துப் பேர்: ஓரத்தில் நிற்கும் கார்னர்பேக் (கார்னர்) ஆறு, ஆழத்தில் காக்கும் சேஃப்டி நான்கு. எண்ணிக்கையில் குறை சொல்ல ஒன்றுமில்லை. யாரை வைத்துக்கொண்டு யாரை அனுப்பினீர்கள் என்பதைப் பார்த்தபின் எங்களால் சும்மா இருக்க முடியவில்லை. ஆறு கார்னர்களும் பக்கவாட்டுக் கோட்டை ஒட்டி ஆடிப் பழகியவர்கள். மூன்று ஆண்டுகளாக உள்ளே நின்று ஸ்லாட் ரிசீவரை (ஓரத்தில் இல்லாமல் உட்புறம் நின்று பந்து பிடிப்பவரை) மறித்துவந்த நிக்கல் ஆட்டக்காரரை (ஐந்தாவது பின்வரிசைக்காரரை) விடுவித்துவிட்டீர்கள். இரண்டாம் அணி ஆடும்போதெல்லாம் குரல் கொடுத்து எல்லாரையும் அவரவர் இடத்தில் நிறுத்திய சேஃப்டியையும் அனுப்பிவிட்டீர்கள். மறுநாள் செய்தியாளர்களிடம் நீங்கள் சொன்ன காரணம் இரண்டு: இவர்கள் முகாமில் பந்தைப் பறித்தார்கள், இவர்களுக்கு வேகம் இருக்கிறது.

இந்த இரண்டு அளவுகோல்களும் பின்வரிசையை எடை போடப் போதாதவை. முதல் ஆட்டத்துக்கு இன்னும் நாள் இருக்கிறது, திருத்திக்கொள்ள வழியும் இருக்கிறது என்பதால் இப்போதே எழுதுகிறோம். நாங்கள் உங்கள் அரங்கின் மேல்தளத்தில் சீசன் டிக்கெட் வைத்திருக்கும் தமிழர்கள். எங்களில் சிலர் இந்த ஊர்ப் பள்ளி அணிகளின் பின்வரிசைக்குப் பயிற்சி தருகிறவர்கள். தொலைக்காட்சிக் கேமரா பந்தை எறியும் குவார்ட்டர்பேக்கைப் பிடித்துக்கொண்டிருக்கும் நேரத்தில் சேஃப்டி எந்தப் பக்கம் இடுப்பைத் திருப்பினார் என்பது மேல்தளத்திலிருந்து தெரியும். இங்கே சொல்பவை அப்படிப் பார்த்தவையும், இந்த லீக்கின் வரலாற்றில் எல்லாருக்கும் தெரிந்தவையும்தான்.

முதலில் இன்டர்செப்ஷன், அதாவது எதிரணி எறிந்த பந்தைப் பறிக்கும் கணக்கு. நீங்கள் முன்னிறுத்தும் இளம் கார்னர் இரண்டாவது முன்சீசன் ஆட்டத்தில் பறித்த பந்தை மறுபடி போட்டுப் பாருங்கள். ரிசீவர் நேராக ஓடும் பாதை, கோ ரூட். முப்பதாவது யார்டில் கார்னர் இரண்டு எட்டு பின்தங்கிவிட்டார். எறிந்தவர் எதிரணியின் மூன்றாவது குவார்ட்டர்பேக். தன்மேல் பாய்ந்து வந்தவரைப் பார்த்துப் பின்காலில் சாய்ந்தபடியே எறிந்ததால் பந்து ஐந்து யார்டு குறைவாக விழுந்தது. பின்தங்கி ஓடிவந்த கார்னரின் கையில் அது நேராக வந்து இறங்கியது. ரிசீவரோடு தோளோடு தோளாக ஓடியிருந்தால் அந்தப் பந்து அவரிடம் வந்தே இருக்காது. தோற்ற ஓட்டத்துக்குக் கிடைத்த பந்து அது. முதல் வாரம் எதிரே நிற்கப்போகும் குவார்ட்டர்பேக் அதையே ஐந்து யார்டு கூட்டி எறிவார், ஆறு புள்ளி போகும்.

பறித்த பந்துகளை வகை பிரிக்காமல் எண்ணுவதால் வரும் பிழை இது. ஒவ்வொரு இன்டர்செப்ஷனையும் மூன்றில் ஒரு கூடையில் போடுங்கள். ரிசீவர் திரும்பும் முன்பே ரூட்டைப் படித்து, கால் ஊன்றிப் பாய்ந்து எடுத்தது ஒன்று. வேறொருவர் கையிலோ ரிசீவர் மார்பிலோ பட்டுத் தெறித்து வந்தது இன்னொன்று. முன்வரிசையின் நெருக்கடியால் தப்பாக எறியப்பட்டது மூன்றாவது. முதல் வகை மட்டுமே அடுத்த மாதமும் திரும்ப வரும் என்று நம்பத்தக்கது. இந்த முகாமிலும் முன்சீசனிலும் பொதுமக்கள் பார்க்க நேர்ந்த பறிப்புகளில் முதல் வகை எத்தனை என்று உங்கள் பயிற்சியாளர்களே பிரித்துப் பார்க்கட்டும்.

வரலாறும் இதைத்தான் சொல்கிறது. ஓக்லண்ட் ரைடர்ஸ் கார்னர் நாம்டி அசோமுகா 2006இல் எட்டு பந்துகளைப் பறித்தார். அடுத்த மூன்று சீசன்களிலும் சீசனுக்கு ஒன்று என்ற கணக்கில்தான் அவருக்குக் கிடைத்தது. அவர் ஆட்டம் குறைந்ததால் அல்ல, அவர் நின்ற பக்கம் பந்தை எறியவே குவார்ட்டர்பேக்குகள் தயங்கினார்கள். டல்லஸ் கார்னர் ட்ரெவான் டிக்ஸ் 2021இல் பதினொன்றைப் பறித்தார். 1981இல் எவர்சன் வால்ஸ் பறித்த பதினொன்றுக்குப் பிறகு யாரும் தொடாத எண் அது. அதே சீசனில் தன் பக்கம் அதிக யார்டுகளை விட்டுக்கொடுத்த கார்னர்களில் அவரும் ஒருவர். டென்வரின் பாட்ரிக் சர்டெய்ன் 2024இல் ஆண்டின் சிறந்த தடுப்பாட்டக்காரர் விருதை வாங்கியபோது அவர் பறித்தவை நான்கே நான்கு. எண் பெரியதா சிறியதா என்பதைப் பார்த்து இந்த மூவரில் யாரையும் சரியாகப் புரிந்துகொள்ள முடியாது.

வேகத்தைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. 40 யார்டு ஓட்டத்தை 4.5 நொடிக்கு மேல் எடுத்துக்கொண்டு ஓடிய ரிச்சர்ட் ஷெர்மன் 2011இல் புதிய வீரர்களை அணிகள் தேர்ந்தெடுக்கும் டிராஃப்டில், ஐந்தாம் சுற்றில் 154ஆவது ஆளாக எடுக்கப்பட்டார். அவரும், அதற்கு முந்தைய ஆண்டு அதே ஐந்தாம் சுற்றில் வந்த கேம் சான்சலரும், முதல் சுற்றில் வந்த ஏர்ல் தாமஸும் சேர்ந்த சியாட்டில் பின்வரிசை, 2012 முதல் 2015 வரை நான்கு சீசன்கள் தொடர்ந்து லீக்கிலேயே குறைந்த புள்ளிகளை விட்டுக்கொடுத்தது. வேகம் வேண்டாம் என்று சொல்லவில்லை. நடு ஆழத்தைத் தனியே காக்கும் சேஃப்டிக்கு அது உயிர்நாடி. ஆனால் நிறுத்துக் கடிகாரம் நேர்கோட்டு ஓட்டத்தைத்தான் அளக்கும். பின்னோக்கி ஓடும்போது உடம்பு எவ்வளவு தாழ்ந்திருக்கிறது, இடுப்பைத் திருப்ப எத்தனை எட்டு ஆகிறது, நின்ற இடத்திலிருந்து முன்னே பாய எவ்வளவு நேரம் ஆகிறது என்பதை அது சொல்லாது.

முகாமில் எல்லாரும் கைதட்டிய ஒற்றைக்கு ஒற்றைப் பயிற்சிக்கும் இதே கதைதான். ஒரு ரிசீவர், ஒரு கார்னர், ஒரு குவார்ட்டர்பேக். குவார்ட்டர்பேக் மேல் பாய யாரும் இல்லை. கார்னருக்கு உதவ சேஃப்டி இல்லை. முழு மைதானமும் ரிசீவருக்குத் திறந்து கிடக்கிறது. ஆட்டத்தில் இரண்டரை நொடிக்குள் பந்து கையை விட்டுப் போக வேண்டும், இங்கே நான்கு நொடிகூடக் காத்திருக்கலாம். இதில் கார்னர் தோற்பது இயல்பு. அதனால் பந்து பிடிபட்டதா என்று குறிக்காமல், இரண்டரை நொடி முடியும் தருணத்தில் ரிசீவருக்கும் கார்னருக்கும் இடையே எத்தனை அடி என்று குறித்தால் இந்தப் பயிற்சிக்கு ஒரு பொருள் வரும். இன்னொன்றும் உண்டு. வீரர் சங்க ஒப்பந்தப்படி வசந்தகாலப் பயிற்சிகளில் ரிசீவரும் கார்னரும் கைவைத்து முட்டும் பயிற்சி கூடாது. ஜூலைக் கடைசியில் முகாம் தொடங்கிய பிறகே ரிசீவரைத் தொடக்கத்திலேயே கைவைத்து மறிக்கும் பிரெஸ் ஆட்டத்தை உண்மையாகப் பார்க்க முடிகிறது. பேட் கட்டிய பயிற்சியும் முகாம் முழுவதற்கும் 16 தான். இவ்வளவு குறைந்த நாளில் பார்த்ததை இன்டர்செப்ஷன் என்ற ஒற்றை எண்ணுக்குள் அடக்குவது அந்த ஆட்டக்காரர்களுக்குச் செய்யும் அநீதி.

இனி எங்களுக்கு மிகவும் கவலை தரும் இடம், நிக்கல். பின்வரிசையில் நான்கு பேர் என்பது பழைய கணக்கு. இன்று லீக்கில் பாதிக்கு மேற்பட்ட ஸ்னாப்களில் (பந்து ஆட்டத்துக்கு விடப்படும் தடவைகளில்) ஐந்து பேர் நிற்கிறார்கள். அந்த ஐந்தாமவர் மாற்று ஆள் அல்ல, முழுநேர ஆட்டக்காரர். வெளியே ஆடும் கார்னர் ஒருவரை உள்ளே நகர்த்தினால் போதும் என்று நீங்கள் நினைப்பதாகத் தெரிகிறது. வெளியே நிற்பவருக்குப் பக்கவாட்டுக் கோடு பாதி வேலையைச் செய்துகொடுக்கும். ரிசீவரை அந்தக் கோட்டை நோக்கி ஒதுக்கிவிட்டால் அவருக்குப் போக இடமில்லை. மைதான நடுப்பகுதியில் உள்ள ஹாஷ் குறியிலிருந்து கோட்டுக்கு 23 யார்டுக்குச் சற்று மேல். ஸ்லாட்டில் நிற்கும் ரிசீவருக்கோ இடமும் திறந்திருக்கிறது, வலமும் திறந்திருக்கிறது. வெளியே பழகிய கார்னர் அங்கே வந்ததும் பழக்கதோஷத்தில் ஒரு பக்கமாகச் சாய்ந்து நிற்பார். முதல் அசைவுக்கே இடுப்பைத் திறந்துவிடுவார். ரிசீவர் அடுத்த எட்டில் அவர் முதுகுப்பக்கம் வெட்டிப் போய்விடுவார். மூன்றாவது முன்சீசன் ஆட்டத்தின் முதல் பாதியில் உள்ளே நிறுத்தப்பட்ட கார்னருக்கு நடந்தது இதுவேதான். மூன்று முறையும் ஒரே விதமாக, மூன்று முறையும் வெளிக்கால் முதலில் தூக்கி.

நிக்கலின் வேலை பந்து எறிதலோடு முடிவதில்லை. ஓட்ட ஆட்டத்தில் அவர் முன்வரிசைக்கு அடுத்து நிற்கும் லைன்பேக்கர் போலத் தன் இடைவெளியை அடைக்க வேண்டும். தன்னைவிட இருபது கிலோ கூடுதலான டைட் எண்ட் என்ற எதிரணி ஆட்டக்காரர் மறிக்க வரும்போது வெளித்தோளைப் பறிகொடுக்காமல் நிற்க வேண்டும். பறிகொடுத்தால் ஓட்டக்காரர் பக்கவாட்டுக் கோடு வரை போய்விடுவார். ஸ்னாப்புக்கு முன் ரிசீவர் குறுக்கே நகர்ந்தால் தான் கூடவே ஓடுவதா, பக்கத்தவரிடம் ஒப்படைப்பதா என்று அரை நொடியில் சொல்ல வேண்டும். குவார்ட்டர்பேக் மேல் பாயும் பிளிட்ஸ் போகும்போது அதை முகத்தில் காட்டாமல் நிற்க வேண்டும். 2024இல் பிலடெல்ஃபியா இரண்டாம் சுற்றில் எடுத்த கூப்பர் டிஜீன் தொடைத்தசைக் காயத்தால் முகாமில் பெரும்பகுதியைத் தவறவிட்டார். கோடையில் அவர் கணக்கில் பறிப்பும் இல்லை, பரபரப்பும் இல்லை. அணி அவசரப்படவில்லை. ஆறாவது வாரத்தில் நிக்கல் இடத்தைக் கொடுத்தது. பிப்ரவரியில், அவருடைய 22ஆவது பிறந்தநாளன்று, லீக்கின் இறுதி ஆட்டமான சூப்பர் போலில் கன்சாஸ் சிட்டி குவார்ட்டர்பேக் பாட்ரிக் மஹோம்ஸ் எறிந்த பந்தைப் பறித்து 38 யார்டு ஓடி டச்டவுன் (ஆறு புள்ளி) போட்டார். நிக்கலைப் பொறுமையாகத் தேர்ந்தெடுத்த அணிக்குக் கிடைத்த பலன் அது. நீங்களோ தேர்ந்த நிக்கல் கையில் இருந்தும் அவரை விட்டுவிட்டீர்கள்.

அடுத்தது பேச்சு, குரல், சைகை. இதை எந்தப் புள்ளிவிவரமும் காட்டாது, ஆனால் பின்வரிசை உடைவது பெரும்பாலும் இங்கேதான். அதே மூன்றாவது ஆட்டத்தில் இரண்டாம் குவார்ட்டரில் ஒரு ஸ்னாப். மூன்றாம் டவுன் (பத்து யார்டு முன்னேறக் கிடைக்கும் நான்கு முயற்சிகளில் மூன்றாவது), ஆறு யார்டு தேவை. எதிரணி வலப்பக்கம் மூன்று ரிசீவர்களை ஒரு கைப்பிடி அளவு இடத்தில் கொத்தாக நிறுத்தியது. நம் பக்கம் மூவரும் மேன் கவரேஜ், ஆளுக்கு ஒருவரைத் தொடர வேண்டும். பந்து ஸ்னாப் ஆனதும் முன்னே நின்ற ரிசீவர் நேராக ஓட, அவர் முதுகை உரசிக்கொண்டு மற்றொருவர் வெளியே வழுக்கினார். நம் ஆட்கள் இருவர் நேராக ஓடியவர் பின்னாலேயே போனார்கள். வெளியே போனவரைச் சுற்றி எட்டு யார்டுக்கு யாருமில்லை. ஸ்னாப்புக்கு முன் நம் மூவரில் ஒருவரும் கையை உயர்த்தவில்லை, வாயைத் திறக்கவில்லை. அன்று நான்காம் குவார்ட்டரில் அதே கொத்து அமைப்பு வந்தது. அப்போது களத்தில் இருந்தவர், நீங்கள் அனுப்பிய அந்தச் சேஃப்டி. மேல்தளத்துக்கே தெரியும்படி கையை ஆட்டி, முன்னவரை ஒருவர் முட்டிப் பிடிக்க, வெளியே வருபவரை ஒருவரும் உள்ளே வருபவரை ஒருவரும் எடுக்கும்படி பிரித்துவிட்டார். பந்து எறிய இடமில்லாமல் எதிரணிக் குவார்ட்டர்பேக் கோட்டுக்கு வெளியே வீசினார். ஆட்ட முடிவில் அந்தச் சேஃப்டியின் பெயருக்கு எதிரே எந்த எண்ணும் ஏறவில்லை.

கபடி பார்த்து வளர்ந்தவர்களுக்கு இது உடனே புரியும். கார்னரும் கவரும் கைகோத்து ஒன்றாக நகராவிட்டால், தனித்தனியே எவ்வளவு பலசாலிகளாக இருந்தாலும் ரெய்டர் நடுவே புகுந்து போய்விடுவார்.

பயிற்சியில் ஒருவர் ஏமாந்தார் என்பதையும் நீங்கள் பெரிதாக எடுத்துக்கொள்கிறீர்கள். மால்கம் பட்லரை நினைத்துப் பாருங்கள். 2014இல் எந்த அணியும் டிராஃப்டில் அவரை எடுக்கவில்லை. நியூ இங்கிலாந்தின் புதுமுக முகாமுக்குச் சோதனை ஆட்டக்காரராக வந்து இடம்பிடித்தவர் அவர். சூப்பர் போலுக்கு முந்தைய வாரப் பயிற்சியில், இரண்டு ரிசீவர்கள் ஒருவர் பின் ஒருவராக நிற்கும் அடுக்கு அமைப்பில், கோல் கோட்டருகே அவரை ஏமாற்றி டச்டவுன் போட்டார்கள். அடுத்து அதே அமைப்பை 2015 பிப்ரவரி 1 அன்று சியாட்டில் ஒரு யார்டு கோட்டில் நிறுத்தியது. பட்லருக்கு அது ஏற்கெனவே தெரிந்த படம். ரிசீவருக்கு முன்னே பாய்ந்து பந்தைப் பறித்தார், கோப்பை கைக்கு வந்தது. முகாமில் ஏமாந்த தடவைகளை மட்டும் எண்ணியிருந்தால் அவர் அந்தக் களத்திலேயே இருந்திருக்க மாட்டார். எண்ண வேண்டியது, ஒரே ரூட்டுக்கு ஒருவர் இரண்டாம் முறையும் ஏமாந்தாரா என்பது. அந்தக் கணக்கை எங்கள் பள்ளிப் பிள்ளைகளுக்கே எழுதிவைக்கிறோம்: தேதி, ரூட், நின்ற தூரம், ஏமாந்த காரணம், அடுத்த முறை என்ன ஆனது.

காரணம் என்ற பத்தியை நாங்கள் ஒரு சொல்லில் நிரப்பவிடுவதில்லை. கார்னர் பந்தைப் பார்க்கச் சீக்கிரமே தலையைத் திருப்பினால் வேகம் விழும், ரிசீவர் நழுவுவார். திருப்பாமலே கையை வைத்தால் பாஸ் இன்டர்ஃபியரன்ஸ் என்ற குற்றம். ரூட் வளையும் முனையில் கால் தாமதித்தால் கை தானாக ஜெர்சியைப் பற்றும், அது ஹோல்டிங் என்ற குற்றம். தூரத்தில் ஏழெட்டு யார்டு தள்ளி நிற்பவர் நிமிர்ந்து பின்னோக்கி ஓடினால் உள்ளே சாய்ந்து வெட்டும் ஸ்லான்ட் ரூட்டுக்கு முன்னே வர ஒரு எட்டு கூடுதலாகும். பந்து பிடிபடுவது எல்லாவற்றிலும் ஒன்றே, மருந்து வேறு வேறு. அதைப் பிரிக்காமல் "பிடிக்கவிட்டார்" என்று ஒரே வரியில் எழுதினால் யாரைத் திருத்தலாம், யாரைத் திருத்த முடியாது என்பது தெரியாமலே போய்விடும்.

குற்றத்துக்கு நடுவர் கொடி போடும் கணக்கையும் சேர்க்க வேண்டும். 1978இல் பிட்ஸ்பர்க் கார்னர் மெல் பிளவுன்ட்டின் முரட்டு ஆட்டத்தை மனதில் வைத்து, ஸ்னாப் நடக்கும் ஸ்கிரிமேஜ் கோட்டிலிருந்து ஐந்து யார்டுக்கு அப்பால் ரிசீவரைத் தொட்டுத் தடுக்கக்கூடாது என்று விதி வந்தது. 2004இல் அதைக் கண்டிப்பாக அமல்படுத்தச் சொன்னார்கள். இன்று ஐந்து யார்டு தண்டனையோடு முதல் டவுனும் தானாக எதிரணிக்குப் போகிறது. மூன்றாம் டவுன் பதினைந்து யார்டில் எதிரணியை நிறுத்திய பிறகு இப்படி ஒரு கொடி விழுந்தால், முன்வரிசை பாடுபட்டதெல்லாம் வீண். ஆழமான பந்துக்கு இன்டர்ஃபியரன்ஸ் என்றால் குற்றம் நடந்த இடத்துக்கே பந்து போய்விடும், நாற்பது யார்டு ஒரே மூச்சில் கைமாறும். லீக் நடுவர்கள் கோடையில் முகாம்களுக்கு வந்து பயிற்சிகளில் கொடி போடுகிறார்கள். நீங்கள் வைத்துக்கொண்ட ஆறு கார்னர்களில் இருவர், பொதுமக்களுக்குத் திறந்த பயிற்சிகளில் எங்கள் கண்முன் திரும்பத் திரும்பக் கொடி வாங்கினார்கள். பறித்த பந்தைச் செய்தியாளர்களிடம் சொன்ன நீங்கள் இதைச் சொல்லவில்லை.

சேஃப்டிகள் விஷயத்தில் ஒரே ஒரு சோதனை போதும்: கோணம். கவர் 3 ஆட்டத்தில் 53 யார்டு அகல மைதானத்தை மூவர் பங்கிட்டால் ஆளுக்கு ஏறத்தாழ 18 யார்டு. நடுவில் நிற்பவர் பன்னிரண்டு முதல் பதினைந்து யார்டு ஆழத்தில் தொடங்குவார். பந்து பிடிபட்ட பிறகு அவர் ரிசீவர் இருக்கும் இடத்தை நோக்கி ஓடினால் தோற்பார், இருக்கப்போகும் இடத்தை நோக்கி ஓட வேண்டும். 2013 ஜனவரியில் டென்வரில், ஆட்டம் முடிய 31 நொடி இருக்கும்போது சேஃப்டி ரஹீம் மூர் பந்தின் பறப்பைத் தப்பாகக் கணித்தார். பால்டிமோர் 70 யார்டு டச்டவுன் போட்டுச் சமன்செய்து, கூடுதல் நேரத்தில் ஆட்டத்தையே எடுத்துக்கொண்டது. 2018 ஜனவரியில் மினசோட்டாவில் நியூ ஆர்லியன்ஸின் புதுமுகச் சேஃப்டி மார்கஸ் வில்லியம்ஸ் தலையைக் குனிந்து பாய்ந்து மினசோட்டா ரிசீவர் ஸ்டெஃபான் டிக்ஸைத் தவறவிட, 61 யார்டு டச்டவுனோடு நியூ ஆர்லியன்ஸின் சீசன் முடிந்தது. அந்த அணி வில்லியம்ஸை ஒரு பிழைக்காகத் தூக்கி எறியவில்லை. பிறகு நான்கு சீசன்கள் அவர் அங்கேயே முதல் அணியில் ஆடினார், 2022இல் பால்டிமோர் பெரிய ஒப்பந்தம் தந்து அழைத்துக்கொண்டது. ஒரு பிழையை எப்படிப் பார்க்க வேண்டும் என்பதற்கு அதைவிட நல்ல உதாரணம் எங்களுக்குத் தெரியவில்லை.

ஓடுபவரைப் பிடித்து வீழ்த்தும் டேக்கிள் முறையும் மாறியிருக்கிறது. பின்னாலிருந்து பிடித்து, உடம்பைச் சுழற்றி, தன் எடையை ரிசீவரின் காலில் போடும் ஹிப் டிராப் முறை 2024 முதல் குற்றம்: பதினைந்து யார்டு, முதல் டவுன். உங்கள் இளம் சேஃப்டிகளில் ஒருவர் இன்னும் அப்படித்தான் விழுகிறார். அருகிலிருக்கும் கால், அருகிலிருக்கும் தோள், தலை வெளிப்பக்கம், தொடைகளைச் சேர்த்துக் கட்டி உருளுதல் என்று தினமும் பத்து நிமிடம் செய்தால் திருந்தக்கூடிய குறை இது.

முன்சீசனில் பார்த்ததை அப்படியே நம்ப முடியாத இன்னொரு காரணத்தையும் நீங்கள் எங்களைவிட நன்றாக அறிவீர்கள். 2021 முதல் நான்கு ஆட்டம் மூன்றாகிவிட்டது. எதிரணிகள் தங்கள் முதல் அணியைப் பெரும்பாலும் உட்காரவைக்கின்றன. கொத்து, அடுக்கு, நகர்வு எதையும் முழுசாகக் காட்டாமல் எளிய அமைப்புகளையே ஓட்டுகின்றன. உங்கள் முதல் ஐவர் இந்த ஆகஸ்டில் ஒரு முழு குவார்ட்டர்கூட ஒன்றாக நிற்கவில்லை. இரு அணிகள் சேர்ந்து செய்த கூட்டுப் பயிற்சியில் எதிரணியின் முதல் குவார்ட்டர்பேக் எறிந்த பந்துகளே இருப்பதில் நம்பகமான சான்று. அந்த இரண்டு நாளும் உள்ளே ஆடிய நிக்கல் யார் என்று பாருங்கள். நீங்கள் விடுவித்தவர்.

ஆகவே எங்கள் கோரிக்கைகளை நேராகச் சொல்கிறோம்.

விடுவித்த நிக்கல் ஆட்டக்காரரை உடனே திரும்ப அழையுங்கள். நான்கு சீசனுக்கு மேல் ஆடியவர் என்பதால் அவர் மற்ற அணிகள் உரிமை கோரும் வேவர் வழியாகப் போகவில்லை, எந்த அணியோடும் பேசலாம், உங்களோடும் பேசலாம். முதல் வாரப் பட்டியலில் இருந்தால் அவரது ஆண்டுச் சம்பளம் உறுதியாகிவிடும் என்பதுதான் தடை என்றால், 53 பேருக்கு வெளியே உள்ள பயிற்சி அணியின் 16 இடங்களில் ஒன்றைக் கொடுத்து ஆட்டத்தன்று மேலே ஏற்றுங்கள். ஓர் ஆட்டத்துக்கு இருவரை, ஒருவரை சீசனில் மூன்று முறை அப்படி ஏற்றலாம். அதற்குள் 53இல் இடம் உண்டாக்க ஆறு கார்னர்களில் ஒருவரைக் குறைத்தே ஆக வேண்டும்.

முதல் ஆட்டத்துக்கு முன் உள்ள ஒவ்வொரு பயிற்சியிலும் கொத்து, அடுக்கு, குறுக்கு நகர்வு ஆகிய மூன்றுக்கும் சேர்த்து இருபது ஸ்னாப் ஒதுக்குங்கள். முதல் ஐவரும் மாறாமல் ஒன்றாக நிற்கட்டும். ஸ்னாப்புக்கு முன் யார் குரல் கொடுத்தார், மற்றவர்கள் பதில் சைகை தந்தார்களா என்று ஒரு பயிற்சியாளர் அதை மட்டும் குறிக்கட்டும். முதல் சேஃப்டிக்குக் காயம் என்றால் அந்தக் குரல் யாருடையது என்பதை இந்த வாரமே முடிவுசெய்து, அவரை இரண்டு பயிற்சிகளாவது முதல் அணியோடு ஆடவிடுங்கள். அனுப்பிய சேஃப்டி இன்னும் எங்கும் சேரவில்லை என்றால் அவருக்கும் பயிற்சி அணியில் இடம் கொடுங்கள்.

முன்சீசனில் பறித்த எல்லாப் பந்துகளையும் மூன்று வகையாகப் பிரித்து, கொடிக் கணக்கையும் பக்கத்தில் வைத்து, இரண்டாவது வெளிக் கார்னர் யார் என்ற முடிவை மறுபடி எடுங்கள். அந்த இளைஞரையே ஆடவைப்பது என்றால், முதல் நான்கு வாரம் அவரைத் தனியாகப் பிரெஸ் ஆட்டத்தில் விடாதீர்கள். அவர் பக்கம் மேலே ஒரு சேஃப்டி நிற்கட்டும். திறமையுள்ளவர், கெடுத்துவிடக்கூடாது.

அடுத்த திங்கள் செய்தியாளர் சந்திப்பில் ஒரு கேள்விக்கு மட்டும் பெயர் சொல்லிப் பதில் தாருங்கள்: முதல் ஆட்டத்தில், மூன்றாம் டவுன் ஆறு யார்டில், எதிரணி மூன்று ரிசீவர்களைக் கொத்தாக நிறுத்தினால், ஸ்லாட்டில் நிற்பவர் யார்?

இப்படிக்கு,
மேல்தளத்துச் சீசன் டிக்கெட் வைத்திருக்கும் தமிழ் ரசிகர்கள்